வீட்டு நடையும் வீடு நோக்கிய நடையும்: ஆங்கிலத்தின் திசையடைகளைப் பற்றி ஒரு விசாரணை

ஆங்கிலக் கதை ஒன்றைத் தமிழில் பெயர்த்து எழுதி வரும்படி மாணவர் சிலரிடம் சொல்லியிருந்த ஒரு சமயத்தில், நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளை ஒருவன் கொண்டுவந்த பிரதியில், "வீட்டு நடை நீளமாக இருந்தது" என்றொரு வாக்கியம் கண்ணில் பட்டது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடையைப் பற்றி அந்தக் கதையில் எங்கும் பேச்சில்லை என்பது எனக்கு நினைவிருந்தபடியால், மூலத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வேலை போய்விட்ட ஒருவன், பஸ்ஸுக்குக் காசில்லாமல், இராத்திரி வேளையில் கால்நடையாகவே வீடு திரும்புகிற இடம் அது. "தி வாக் ஹோம் வாஸ் லாங்" என்று அச்சாகியிருந்தது. 'வாக்' என்றால் நடை, 'ஹோம்' என்றால் வீடு, ஆகவே வீட்டு நடை என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான். தவறு என்று சொன்னவுடன் அவன் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "காசி யாத்திரை என்றால் காசிக்குப் போகிற யாத்திரைதானே, ஐயா? அப்படியானால் வீட்டு நடை மட்டும் ஏன் வீட்டுக்குப் போகிற நடை ஆகாது?" என்று கேட்டான். அவன் கேள்வி நியாயமானதுதான் என்பதும், அதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட முடியாது என்பதும் அன்று இரவு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று.

பெயர்த்தொடர் ஒன்று முடிந்த பிற்பாடு, திசையைக் காட்டும் ஒற்றைச் சொல் ஒன்று அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்தில் அன்றாடப் பிரயோகம். 'தி ஜர்னி பேக்' என்றால் திரும்பி வரும் பிரயாணம். 'தி ரோட் நார்த்' என்றால் வடக்கே போகும் சாலை. லண்டன் மாநகரத்துப் பாதாள ரயில் நிலையங்களில், வெளியே செல்லும் வழி இது என்று ஜனங்களுக்குக் காட்டுகிற பலகைகளில் 'வே அவுட்' என்ற இரண்டே சொற்கள்தாம் காணப்படும். இவ்வாறு பின்னே வரும் சொல்லைத் திசைச்சொல் என்று அழைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நம் இலக்கணத்தார் அந்தப் பெயரைச் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளிலிருந்து வந்து வழங்கும் சொற்களுக்கென்று முன்னரே கொடுத்துவிட்டார்கள். ஆதலால் இக்கட்டுரை முடியும் மட்டும் திசையடை என்று வைத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கணத்தின்படி வினையடை என்பது வினையையோ, பெயரடையையோ, மற்றொரு வினையடையையோ தழுவி நிற்க வேண்டும்; பெயரோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. மெதுவாக நடந்தான் என்பதை அவர்கள் 'ஹி வாக்டு ஸ்லோலி' என்பார்கள். அந்த வினை 'வாக்' என்ற பெயராக மாறிய மாத்திரத்தில், 'ஸ்லோலி' என்ற சொல் தன் வாலைக் கழற்றி வைத்துவிட்டு 'ஸ்லோ' என்று பெயரடையாகி, முன்னால் போய் நின்று, 'தி ஸ்லோ வாக்' என்றாகிறது. 'ஹோம்' மட்டும் அப்படிச் செய்வதில்லை. 'ஹி வாக்டு ஹோம்' என்ற வாக்கியத்தில் எந்த வேஷத்தில் எந்த இடத்தில் நின்றதோ, அதே வேஷத்தில் அதே இடத்தில் 'தி வாக் ஹோம்' என்ற தொடரிலும் நிற்கிறது. வினை பெயராகிவிட்டது, திசை அசையவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தப் பிரயோகத்தைச் சுற்றியுள்ள சிக்கல்களில் பாதி அவிழ்ந்துவிடும்.

எந்தப் பெயருக்குப் பின்னாலும் இது வந்துவிடுமா என்றால், வராது. நடை, ஏற்றம், பிரயாணம், ஓட்டம், தள்ளல், இழுப்பு போன்று உள்ளே ஒரு வினை ஒளிந்திருக்கும் பெயர்களும், வழி, சாலை, பாதை, படிக்கட்டு போன்று யாராவது ஒருவர் அவற்றின் மேல் போய்க்கொண்டிருப்பதற்கென்றே ஏற்பட்ட பெயர்களுமே திசையடையை விரும்பி ஏற்கின்றன. பார்வையும் அந்த வகையில் சேரும்; 'எ க்ளான்ஸ் பேக்' என்றால் திரும்பிப் பார்த்த ஒரு பார்வை, ஏனெனில் கண்ணும் ஒரு திக்கை நோக்கிப் போகிறதல்லவா? நாற்காலியும் சோற்றுப்பானையும் எங்கும் போகாத வஸ்துக்களாகையால், 'தி சேர் நார்த்' என்று சொன்னால் கேட்கிற ஆங்கிலேயன் சற்று விழிப்பான். ஆனால் திசையை விட்டு இடத்துக்கு வந்துவிட்டால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. 'தி பீப்பிள் அப்ஸ்டேர்ஸ்' என்றால் மாடியில் குடியிருப்பவர்கள்; 'தி வேர்ல்டு அவுட்ஸைட்' என்றால் வெளியே உள்ள உலகம்; இங்கே பெயர் அசையவேண்டிய அவசியம் இல்லை. ஒரே 'அப்ஸ்டேர்ஸ்', மனிதர்களுக்குப் பின்னால் வந்தால் மாடியிலே என்றும், 'ட்ரிப்' என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தால் மாடிக்கு என்றும் பொருள்படுகிறது. தேர்வு செய்வது திசையடை அன்று, முன்னால் நிற்கும் பெயரே. இடத்துக்கு வாய்த்தது காலத்துக்கும் வாய்த்து, 'தி இயர்ஸ் அஹெட்' என்று வரப்போகும் ஆண்டுகளும், 'தி நைட் பிஃபோர்' என்று முந்திய இரவும் அதே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன.

தோற்றத்தில் இதைப் போலவே இருந்து, அமைப்பில் முற்றிலும் வேறாக இருக்கும் தொடர்கள் சில உண்டு. மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அவற்றில்தான். 'டென் மைல்ஸ் சவுத்' என்பதில் பத்து மைல் என்ற பெயர்த்தொடருக்குப் பின் தெற்கு வருகிறது. ஆயினும் அங்கே தலைமை தெற்குக்கே உரியது, பத்து மைல் என்பது எவ்வளவு தெற்கே என்று அளந்து கொடுக்கும் அளவுகோல் மாத்திரமே. முன்னால் 'தி' என்ற ஒரு சிறு சொல்லைச் சேர்த்து 'தி டென் மைல்ஸ் சவுத்' என்று சொல்லுங்கள்; உடனே தலைமை மாறி, தெற்கு நோக்கிப் போகும் அந்தப் பத்து மைல் தூரம் என்று பொருள் திரும்பிவிடுகிறது. 'ஃபேஸ் டவுன்' என்பது முகம் குப்புற என்று ஒருவன் கிடந்த நிலையைச் சொல்வது; அது பெயர்த்தொடரே அன்று, வினை இல்லாத ஒரு குட்டி வாக்கியம். கப்பலிலிருந்து ஒருவன் கடலில் விழுந்துவிட்டால் எழும் 'மேன் ஓவர்போர்ட்' என்ற கூக்குரலும் அவ்வாறே. 'ஹேண்ட்ஸ் அப்' என்ற கட்டளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையைத் தூக்கு என்று வினையில்லாமல் தமிழில் சொல்ல வழியில்லாத காரணத்தாலோ என்னவோ, நம் சினிமாப் போலீஸ்காரர்கள் அதை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு விட்டார்கள். குறுக்கெழுத்துப் புதிரில் ஆறாம் எண்ணிலிருந்து கீழ்நோக்கி எழுதும் சொல்லை 'ஸிக்ஸ் டவுன்' என்பதும் இந்தக் குடும்பத்தில் ஒரு தூரத்து உறவு.

இந்தத் திசையடைகள் எங்கிருந்து பிறந்தன என்று பார்த்தால், விஷயம் மிகவும் சுவாரசியமாகிறது. 'ஹோம்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்று வழங்கிய சாதாரணப் பெயர்ச்சொல். போய்ச் சேரும் இடத்தைக் குறிக்க அதை இரண்டாம் வேற்றுமை வடிவில் முன்னிடைச்சொல் ஏதுமின்றிப் பிரயோகித்த பழக்கம், வேற்றுமை உருபுகளெல்லாம் தேய்ந்து மறைந்த பிற்பாடும் நிலைத்துவிட்டது. 'டவுன்' என்ற சொல்லின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. 'டூன்' என்றால் குன்று. 'ஆஃப் டூனெ' என்றால் குன்றிலிருந்து. குன்றிலிருந்து வருகிறவன் இறங்கித்தானே வரவேண்டும் என்ற காரணத்தால் குன்றின் பெயரே கீழே என்ற அர்த்தத்தைப் பெற்றுவிட்டது. இங்கிலாந்தின் தென்பகுதியில் ஸசெக்ஸ் பக்கம் உள்ள சுண்ணாம்புக் குன்றுகளுக்கு 'சவுத் டவுன்ஸ்' என்று இன்றைக்கும் பெயர். அதாவது மேட்டு நிலத்துக்குக் கீழே என்ற சொல்லே பெயராக நிற்கிறது. நமக்கு இது அந்நியமான சங்கதி அன்று: மேற்குத் தொடர் மலை ஒரு பக்கம் உயர்ந்தும், கடற்கரை மறுபக்கம் தாழ்ந்தும் கிடக்கிற தேசத்தில் பிறந்த நம் பாஷை, மேல் என்பதிலிருந்து மேற்கையும் கீழ் என்பதிலிருந்து கிழக்கையும் உண்டாக்கிக்கொள்ளவில்லையா?

'அவே' என்பது வழியின் மேல் என்று பொருள்பட்ட 'ஆன் வெய்'. 'பேக்' என்பது முதுகுப் பக்கமாக என்று பொருள்பட்ட 'ஆன் பேக்'. 'அஷோர்' என்பது கரையின் மேல். 'ஓவர்போர்ட்' என்பது கப்பலின் விளிம்பைத் தாண்டி. ஆக, பெயருக்குப் பின் வினையடை வருவது விதிவிலக்கு என்று இலக்கணப் புத்தகங்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் இந்தத் தொடர்களில், பின்னே நிற்பது பல இடங்களில் வினையடை வேஷம் போட்ட பழைய பெயர்த்தொடர்தான் என்பது என் அபிப்பிராயம். 'டூ இயர்ஸ் அகோ' என்பதில் உள்ள 'அகோ' பெயரன்று, கழிந்துபோன என்று பொருள்படும் எச்சம். இரண்டு ஆண்டு கழிந்த என்று சொன்னது காலப்போக்கில் உறைந்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் இங்கே, இங்கு நோக்கி, இங்கிருந்து என்ற மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 'ஹியர்', 'ஹிதர்', 'ஹென்ஸ்' என்று அவை வெகுகாலம் வாழ்ந்து, பின் இரண்டும் மூன்றும் புத்தகத்துக்குள் ஒதுங்கி, முதலாவது மட்டுமே நிலையையும் செலவையும் சேர்த்துச் சுமக்கும்படி ஆயிற்று. அதனால்தான் 'தி ஜர்னி ஹியர்' என்ற தொடரைத் தனியே கேட்டால், இங்கு வந்த பிரயாணமா, இங்கே நடக்கும் பிரயாணமா என்று ஒரு கணம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. இழந்த வசதியை ஈடுசெய்ய 'வர்ட்' என்ற ஈறு ஒன்று அவர்களிடம் உண்டு; திரும்புதல் என்ற அர்த்தமுள்ள லத்தீன் தாதுவோடு உறவுடையது அது; 'ஹோம்வர்ட்', 'நார்த்வர்ட்' என்று எதன் பின்னாலும் ஒட்டி அதை நோக்கி என்று பொருள் தரும்.

வித்துவான்கள் இதை எப்படி வகைப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். டென்மார்க் தேசத்து ஆட்டோ யெஸ்பர்ஸன், 1924-இல் வெளியிட்ட 'இலக்கணத் தத்துவம்' என்ற நூலில், செயப்படுபொருள் பெற்றும் பெறாமலும் வரும் ஒரே வினையை நாம் இரண்டு சொல்வகைகளாகப் பிரிப்பதில்லையே, அப்படியிருக்க, பின்னால் பெயர் வந்தால் முன்னிடைச்சொல் என்றும், வராவிட்டால் வினையடை என்றும் ஒரே சொல்லை ஏன் இரண்டாகப் பிளக்கவேண்டும் என்று கேட்டார். அவருடைய கேள்வியை அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1970-களில், அமெரிக்காவில் எமண்ட்ஸ், ஜாக்கெண்டாஃப் ஆகியோர் புதிய ஆயுதங்களோடு எடுத்துக்கொண்டார்கள். 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் சேர்ந்து தொகுத்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம், 'ஹோம்', 'அப்ஸ்டேர்ஸ்', 'ஹியர்' எல்லாமே செயப்படுபொருள் குன்றிய முன்னிடைச்சொற்கள்தாம் என்று துணிந்து தீர்ப்பளித்துவிட்டது. நேரே என்று பொருள்படும் 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல், 'ஸ்ட்ரெய்ட் இன்ட்டு தி ஹவுஸ்' என்று முன்னிடைத்தொடரின் முன்னும் வரும், 'ஸ்ட்ரெய்ட் ஹோம்' என்றும் வரும், ஆனால் 'ஸ்லோலி'யின் முன் வராது என்பது அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று. இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டால், வினையடைக்குப் பெயரின் பின்னால் என்ன வேலை என்ற பழைய புதிரே இல்லாமல் போகிறது. முன்னிடைத்தொடர் பெயருக்குப் பின் வருவதை எவரும் எக்காலத்திலும் ஆட்சேபித்ததில்லை. ஆனால் 1985-இல் க்வர்க்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட விரிவான இலக்கணமும், கடையில் வாங்கும் அகராதிகளும், வினையடை என்ற பழைய முத்திரையையே குத்திக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கேம்பிரிட்ஜ் கட்சி சரியென்று படுகிறது. வகுப்பில் மட்டும், பரீட்சைத்தாளை உத்தேசித்து, பழைய பெயரையே சொல்கிறேன்.

முன்னே வருவதற்கும் பின்னே வருவதற்கும் உள்ள அர்த்த பேதம் நுட்பமானது. 'ஆன் அப்ஸ்டேர்ஸ் ரூம்' என்றால் மாடியறை என்ற ஜாதியைச் சேர்ந்த ஓர் அறை. அதை எங்கிருந்து பார்த்தாலும் அது மாடியறைதான். 'தி ரூம் அப்ஸ்டேர்ஸ்' என்றால், பேசுகிறவன் கீழே நின்றுகொண்டு, இதோ மேலே இருக்கிறதே அந்த அறை என்று சுட்டுகிறான். முன்னால் நின்றால் குணம், பின்னால் நின்றால் இருப்பிடம். திசையைப் பொறுத்தமட்டில் 'வர்ட்' ஈறு பெற்றவை இரண்டு இடத்திலும் தாராளமாக உலாவ, 'அப்' முதலிய குறுஞ்சொற்கள் முன்னால் போகத் துணிவது ரயில் போன்ற சில இடங்களில் மட்டுமே. 'அப் டிரெயின்' என்றால் பிரிட்டனில் லண்டனை நோக்கி வரும் வண்டி, 'டவுன் டிரெயின்' என்றால் லண்டனை விட்டு விலகும் வண்டி; தண்டவாளம் மலையேறுகிறதா, பள்ளத்தில் இறங்குகிறதா என்பது இங்கே பொருட்டே அன்று. அந்த இரண்டு சொற்களும் அவர்கள் போட்ட தண்டவாளத்தோடு நம் நாட்டுக்கும் வந்து, ஸ்டேஷன்களில் இன்றளவும் வழங்குகின்றன. மாணவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு மேலே போகிறார்கள்; கெட்ட நடத்தைக்காக வெளியேற்றப்பட்டால் கீழே அனுப்பப்படுகிறார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவிலோ, வடக்கே போனால் 'அப்டவுன்', தெற்கே போனால் 'டவுன்டவுன்'. ஆகவே 'தி ஜர்னி டவுன்' என்ற தொடரைக் கண்டவுடன் இறங்குமுகம் என்று எழுதிவிடுவது ஆபத்து; மலையா, தலைநகரமா, வரைபடமா, எதை வைத்துக் கீழே என்றார்கள் என்று விசாரித்தே எழுதவேண்டும்.

மற்றப் பாஷைகளில் இது எப்படி என்று சுருக்கமாகப் பார்க்கலாம். ஜெர்மன், ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பாகையால், 'டேர் வேக் த்ஸுரூக்' என்று அதே வரிசையில் சொல்லும். முதல் மகாயுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றி ரெமார்க் எழுதிய நாவலின் அந்தத் தலைப்பு, ஆங்கிலத்தில் 'தி ரோட் பேக்' என்று சொல்லுக்குச் சொல் இறங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரன் 'திரும்புதலின் பாதை' என்று ஆறாம் வேற்றுமை போன்ற ஒரு பாலம் கட்டாமல் அந்தக் கருத்தைக் கடக்கமாட்டான். லத்தீனில், போய்ச் சேரும் இடத்தைக் காட்டும் இரண்டாம் வேற்றுமை வினைக்கே உரியது; பெயரோடு சேர்வது அரிது. ஆயினும் ஜூலியஸ் சீஸர், கி.மு. 58-இல் ஹெல்வெட்டியர் என்ற ஜாதியார், வீடு திரும்பும் நம்பிக்கையே எவருக்கும் இல்லாதபடி தங்கள் ஊர்களைத் தாங்களே கொளுத்திவிட்டுப் புறப்பட்டதை எழுதும்போது, திரும்புதல் என்ற பெயரோடு வீடு என்ற சொல்லை நேரே இரண்டாம் வேற்றுமையில் சேர்த்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இன்று தெருவில் போகிறவனும் சொல்லும் பிரயோகம் லத்தீன் பண்டிதர்களுக்குக் குறிப்பு எழுதவேண்டிய விசேஷமாக இருந்திருக்கிறது.

தமிழில் 'மேலே அறை' என்று சொன்னால் அது தொடராக நில்லாமல், மேலே அறை இருக்கிறது என்ற வாக்கியமாக ஓடிவிடும். வினையை நாடும் சொல் வேறு, பெயரை நாடும் சொல் வேறு என்று வினையெச்சத்தையும் பெயரெச்சத்தையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிற பாஷை இது. மேலே என்ற சொல் அறையிடம் போகவேண்டுமானால் 'உள்ள' என்ற பெயரெச்சத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போகவேண்டும். வடக்கே போகும் சாலை, திரும்பி வரும் வழி, உள்ளே நுழையும் வாசல் என்று, ஆங்கிலத்தில் ஒளிந்திருந்த வினையை நாம் வெளியே இழுத்து உட்காரவைக்கிறோம். அசைவின் திசையை வினைக்குள்ளேயே வைக்கும் பாஷைகள், வினைக்கு வெளியே ஒரு துணைச்சொல்லில் வைக்கும் பாஷைகள் என்று லெனார்ட் டால்மி வகுத்த பாகுபாட்டில், ஏறு, இறங்கு, நுழை, திரும்பு என்று திசையை வயிற்றில் சுமந்த வினைகளையுடைய தமிழ் முதல் வகையைச் சேரும். இன்றைய பத்திரிகைகளில் 'தி வே ஃபார்வர்ட்' என்பதை 'முன்னோக்கிய வழி' என்று எழுதுகிறார்கள். இனி என்ன செய்யலாம் என்பதுதானே அதன் பொருள்?

இனி அந்தப் பையனுடைய காசி யாத்திரைக்கு வருகிறேன். அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. காசிக்குச் செல்லும் யாத்திரை என்பதில் கு-வும் செல்லும் என்பதும் மறைந்திருக்கின்றன. ஆகவே போகும் இடத்தையும் போக்கையும் இரண்டே சொல்லில் அடக்கும் சக்தி தமிழுக்கும் உண்டு; வரிசைதான் தலைகீழ். ஆனால் தொகையில் மறைந்ததைக் கேட்கிறவன் தானே மீட்டுக்கொள்ளவேண்டும். யாத்திரை என்ற சொல் எங்கே என்ற கேள்வியோடே பிறந்தது. காசி என்பது அதற்கு விடை. கல்யாணத்தில் குடையும் விசிறியுமாக மாப்பிள்ளை புறப்படும்போது எந்தக் குழந்தைக்கும் சந்தேகம் வருவதில்லை. நடை என்ற சொல்லோ, எழுத்தாளரின் நடைக்கும், கோயில் நடைக்கும், வீட்டு நடைக்கும் ஏற்கெனவே வாழ்க்கைப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹோம்' பின்னால் நிற்பதாலேயே திசை என்று நிச்சயமாகிவிடுகிறது. முன்னால் நிற்கும் 'வீட்டு' அந்த நிச்சயத்தைத் தருவதில்லை.

மறுநாள் இவற்றையெல்லாம் சொல்லி, வாக்கியத்தை மாற்றி எழுதச் சொன்னேன். "வீட்டுக்கு" என்று எழுதியவன் பேனாவை எடுத்துவிட்டு, "போகிற வழியா, வருகிற வழியா, ஐயா?" என்றான். வரவும் தரவும் தன்மை முன்னிலைக்கு, செலவும் கொடையும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியர் பிரித்து வைத்த அந்த வேற்றுமை, 'ஹோம்' என்ற சொல்லில் இல்லவே இல்லை. கதை சொல்கிறவன் வீட்டில் காத்திருக்கிறானா, தெருவில் கூட நடக்கிறானா என்று தெரியாமல் தமிழில் அடுத்த சொல்லை எழுத முடியாது. புத்தகத்தை வாங்கி, அந்த மனிதனுக்காக அடுக்களையில் விளக்கை அணைக்காமல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, இரண்டு பேருமாக நாலு பக்கம் பின்னால் புரட்டினோம்.